பத்து வெள்ளிப் பேனா

பால்மரம் வெட்டுபவன் தன் கத்தியைத் தானே தீட்டுவான். பிறர் கையில் கொடான். தையற்காரன் தன் கத்தரியால் காகிதம் வெட்ட எவரையும் விடான். கருவியின் குணம் அறியாது தொழிலுக்குப் புறப்படும் தொழிலாளி இல்லை. எழுதுவோராகிய நாம் மட்டுமே கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கிறுக்குகின்றோம்; அஃது உலர்ந்ததும் சன்னல் வழியே எறிகின்றோம். நூலைப் போற்றுவோர் பலர். நூலாசிரியனைப் போற்றுவோர் அவரினும் பலர். அந்நூல் எந்தப் பேனாவால் எழுதப்பட்டது என்று கேட்பார் ஒருவருமில்லை.

இக்கட்டுரை பேனாவைப் பற்றியது. அதிலும், 10 வெள்ளி முதல் 40 வெள்ளி வரை விலை பெறும் சீனத்து ஊற்றுப்பேனாக்களைப் பற்றியது. நம் மக்கள் பவுண்டன் பேனா என்றும் மைப்பேனா என்றும் சொல்வது இதனையே. "உலகில் எத்தனையோ இடுக்கண் இருக்க, ஒரு கிராணிக்கு எழுதக் கிடைத்த பொருள் இதுதானா?" என்று நேயர்கள் வினவக்கூடும். வினவுதல் முறையே. காரணத்தைச் சொல்லுகின்றேன்.

கீழ்ப் பேராக்கில், தெலுக் இந்தான் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்தில் யான் பணியாற்றுகின்றேன். முன்னாளில் அங்கே பால்மரங்கள் நின்றன. லயமெங்கும் தமிழர் நிறைந்திருந்தனர். இந்நாளில் மரமும் மாறிற்று, ஆளும் மாறினர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுங்கால் வங்காள தேசத்தார் பெயரும் இந்தோனேசியர் பெயருமே மிகுதியாக வரும். எனினும் வேலையினின்று ஓய்ந்த முதியோர் சிலரும், அவர்தம் பேரப்பிள்ளைகளும் பழைய லயங்களில் இன்னும் உளர். பிள்ளைகளின்றிப் பூட்டிக் கிடந்த ஆயாக் கொட்டகையைச் சென்ற ஆண்டு திறந்து, கூட்டி, விளக்குப் போட்டு, கிழமைக்கு இரண்டு மாலை முதியோர்க்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினோம். எழுவர் வந்தனர், அவருள் ஐவர் பெண்டிர். நாற்பது ஆண்டு உழைத்தவர்கள். அந்த நாற்பது ஆண்டும் சம்பளப் பட்டியலில் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தவர்கள். விரற்குறிக்குப் பக்கத்தில் எழுதியிருந்த தொகை இன்னதென்று அவர்கள் அறியார். கிராணி சொன்னதே தொகை. அதே நாற்காலியில் இன்று அமர்ந்திருப்பவன் நான்.

அவர்கள் கேட்டது பெரிய கல்வியன்று. தம் பெயரை எழுத வேண்டும்; எண்களைப் படிக்க வேண்டும். ஒரு பாட்டியின் காரணம் இன்னும் சிறியது. தாய் தந்தையர் வெளியூரில் வேலை செய்வதால் பேத்தி அவரிடம் வளர்கின்றாள். பள்ளிக்கூடத்து மதிப்பெண் புத்தகத்தில் பெற்றோர் ஒப்பமிடும் கட்டத்தில் இவர் கட்டைவிரலை வைப்பார். மற்றப் பிள்ளைகளின் புத்தகத்தில் கையெழுத்து. இவள் புத்தகத்தில் கறை. அந்தக் கட்டத்தை மறைத்துக்கொண்டு பேத்தி புத்தகத்தை நீட்டுகின்றாளாம். "அவள் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை" என்றார் பாட்டி.

தோட்டத்து இளைஞர்கள் இதற்கெனத் திரட்டிய பணம் 150 வெள்ளி. தாளும் பேனாவும் அதற்குள் முடிய வேண்டும். எந்தப் பேனா வாங்குவது என்னும் வினா அப்பொழுதுதான் எழுந்தது.

கூட்டத்தில் ஒருவர், "பந்துமுனைப் பேனா ஒரு வெள்ளிக்குக் கிடைக்கின்றது. மைப்புட்டியைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?" என்றார். அவர் கூறியது முற்றும் பொய்யன்று. ஹங்கேரி நாட்டவராகிய லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை பெற்ற அக்கருவி உலகத்து ஏழைகளுக்குச் செய்த நன்மை பெரிது. எங்கள் அலுவலகத்துச் சீட்டுப் புத்தகம் மூன்று படி உடையது. மேற்படியில் எழுதுவது அடிப்படியிலும் பதிய வேண்டும். அவ்விடத்தில் ஊற்றுப்பேனா ஒரு காசுக்கும் உதவாது. பந்துமுனையால் மட்டுமே நிரப்புக என்று ஆணையிடும் படிவங்களும் உள. ஆயின், மூன்று படியில் பதியச் செய்யும் அந்தக் குணம் யாது? அழுத்தம். கட்டியான மையில் தோய்ந்த சிறு குண்டு தாளின்மேல் உருள வேண்டுமாயின் கை அழுத்தியே தீர வேண்டும். அழுத்த இயலாத கை என் செய்யும்?

எங்கள் வகுப்பு இடறியது இங்கேதான். பால்வெட்டு என்பது விடியுமுன் தொடங்கி, நூற்றுக்கணக்கான மரங்களில், ஒரே சாய்வில், ஒரே அசைவில் பட்டையைச் சீவும் வேலை. பின்னர்ச் செம்பனை வந்தது. குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் வேலை வந்தது. இவ்விரண்டும் செய்த விரல்களுள் சில மடிய மறுக்கும். மடிந்தவை நிமிர மறுக்கும். அவ்விரல்களில் பந்துமுனைப் பேனாவைக் கொடுத்தோம். கத்தியைப் பிடிப்பது போல் முழுக் கையாலும் பற்றி, மரத்தில் வெட்டு விழுவது போல் அழுத்தினர். முதல் நாள் தாள் கிழிந்தது. இரண்டாம் நாள் அரைப் பக்கத்தில் மணிக்கட்டு வலித்தது. மூன்றாம் நாள் பாட்டி பேனாவைக் கீழே வைத்து, "கத்தி பிடித்த கை தம்பி இது, குச்சி பிடிக்க வராது, விட்டுவிடு" என்றார். பென்சிலும் இதே கதைதான். முனை ஒடிந்தது ஒன்றே வேறுபாடு.

ஊற்றுப்பேனாவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அமெரிக்கராகிய லூயிஸ் வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்ற அமைப்பே, பல மாற்றங்களுடன், இன்றைய பேனாவிலும் உள்ளது. முள்ளின் நடுவே மயிரிழை போன்ற பிளவு. முள்ளின் அடியில் கரிய கட்டை. அக்கட்டையில் நுண்ணிய கால்வாய்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இந்த நுண்வழிகளில் மை தானே ஊர்ந்து முனைக்கு வரும். மை இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே ஏறும். முனை தாளைத் தொட்டால் போதும்; தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும். பேனாவின் எடையே போதிய அழுத்தம். கையின் வேலை வழிகாட்டுவது ஒன்றே. அழுத்தினால் பிளவு விரிந்து முள் கெடும். ஆதலின் அழுத்தாதே என்று ஆசிரியர் நூறு முறை சொல்வதைக் கருவி தானே சொல்லிக் கொடுக்கின்றது.

இதனை யான் புத்தகத்தில் மட்டும் கண்டவனல்லன். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற எனக்குத் தமிழ் பேச்சளவில் இருந்தது, எழுத்து வரவில்லை. பதினேழாம் வயதில் என் மாமா ஒருவர் தமிழ் எழுதக் கற்பித்தார். அவர் கையில் சீனத்து ஹீரோ பேனா ஒன்று இருந்தது. ஆங்கிலம் கோடுகளால் ஓடும். தமிழ் சுழிகளால் ஓடும். மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் வேறுபடுத்தி எழுதப் பழகுவோன் படும் பாட்டைப் பிள்ளைப் பருவத்தில் கற்றவர் அறியார். தடித்த முள்ளால் சிறிதாக எழுதினால் சுழிகள் மையால் நிறைந்து கண் மூடிவிடும். ணகரமும் னகரமும் ஒரே கறுப்புக் கட்டியாய் நிற்கும். நம் பிள்ளைகளின் மலிவான பயிற்சிப் புத்தகத்துத் தாளோ மையைக் குடித்துப் பரப்பும் தாள். ஆகையால் தமிழ் எழுதுவோனுக்கு முதல் தேவை மெல்லிய முள். சீனத்துப் பேனாக்கள் நமக்கு இசைவதன் காரணங்களுள் இது தலையாயது. சீன எழுத்து ஒரு சிறு சதுரத்துள் பத்துப் பதினைந்து கோடுகளை அடக்குவது. அதனை எழுதச் செய்த முள் மெல்லியதாகவே இருக்கும். அவர்கள் தம் எழுத்துக்காகச் செய்து கொண்டது நம் சுழிகளுக்கும் பொருந்துகின்றது.

மலிவின் காரணமும் அந்நாட்டுப் பள்ளிக்கூடத்தில்தான் உள்ளது. சீனத்துத் தொடக்கப் பள்ளியில் சிறுவர் ஓரிரண்டு வகுப்புக் கடந்ததும் பென்சிலை வைத்துவிட்டு மைப்பேனா எடுக்கும் வழக்கம் உண்டு. கோடிக்கணக்கான சிறுவர்க்குப் பேனா வேண்டுமாயின் அது விலை குறைந்ததாக இருந்தே ஆகவேண்டும். மேல்நாடுகளில் ஊற்றுப்பேனா அன்பளிப்புப் பெட்டிக்குள் புகுந்து பெரிய மனிதர் சட்டைப் பைக்கு அணியாகிவிட்ட பின்னரும், சீனத்தில் அது பள்ளிப் பையில் கிடக்கின்றது.

ஷாங்காய் நகரமே அத்தொழிலின் பழைய வீடு. 1931இல் அங்கே ஹுவாபூ என்னும் பெயரால் ஒரு பேனாத் தொழிற்சாலை தொடங்கிற்று. 1966இல் அதற்கு ஹீரோ என்னும் பெயர் வந்தது. விங் சங் என்பதும் ஷாங்காயின் பழம் பெயர்களுள் ஒன்று. 'நிலைபேறுடைய வாழ்வு' என்பது அதன் பொருள். நம் நாட்டுச் சீனக் கடைகளின் கண்ணாடிப் பெட்டியிலும், சென்னைப் பர்மா பஜாரிலும் நம்மவர் கண்டு மயங்கியது இந்த ஹீரோவைத்தான். அந்நாளில் பள்ளியிறுதித் தேர்வெழுதும் மாணவன் சட்டைப் பையில் அதன் பொன்னிற மூடி மின்னுவது ஒரு பெருமை. ஜின்ஹாவ் என்பது பிற்காலத்துப் பெயர். இன்று கைப்பேசி வழியே பேனா வாங்குவோர் முதலில் காண்பது அதையே. ஜியாங்சி மாநிலத்தில் வென்காங் என்றோர் ஊர் உண்டு. பரம்பரையாகத் தூரிகை செய்து வந்த அவ்வூர், இன்று ஊற்றுப்பேனாவும் செய்கின்றது.

இங்கே ஒரு தடையை நீக்கியாக வேண்டும். "சீனன் சாமான் எல்லாம் பார்த்துச் செய்தது, அசல் அன்று" என்று மூக்கைச் சுளிப்போர் நம்முள் உளர். பார்த்துச் செய்தது என்பது உண்மை. அமெரிக்கப் பார்க்கர் நிறுவனம் 1941இல் வெளியிட்ட 'பார்க்கர் 51' என்னும் பேனாவின் சாயல் ஹீரோ 616இல் அப்படியே தெரியும். 1958இல் ஹீரோ 100 என்னும் பேனாவைச் செய்தபோது பார்க்கரை எட்டிப் பிடிப்போம் என்பதையே அத்தொழிலாளர்கள் முழக்கமாகக் கொண்டனர், ஒளிக்கவில்லை. ஜின்ஹாவ் 599 என்பது 1980இல் ஜெர்மனியில் தோன்றிய லாமி சபாரியின் நிழல். ஆயினும், பிறர் பேனாவின் வடிவைப் பின்பற்றித் தன் பெயரைப் பொறிப்பது ஒன்று. தன் பேனாவில் பிறர் பெயரைப் பொறிப்பது வேறொன்று. முன்னது போட்டி, பின்னது களவு. இதில் நகைச்சுவை யாதெனின், ஹீரோ 616க்கே போலிகள் உலவுகின்றன. பார்த்துச் செய்ததைப் பார்த்துச் செய்கின்றனர்! பேனாவின் சாதி கேட்டு வாங்குவோர் எந்தப் படியில் நிற்பது என்று அறியாமல் திகைக்க வேண்டியதுதான்.

சாதி கேட்பதை விடுத்து முத்திரையைப் படிக்கக் கற்றல் நலம். முள்ளின்மேல் '18கேஜிபி' என்று பொறித்திருக்கும். 18 காரட் பொன் என்று எண்ணி மகிழ்வோர் உளர். அஃது எஃகு முள்ளின்மேல் பூசிய மெல்லிய பொன்முலாம் என்பதே அவ்வெழுத்துகளின் பொருள். வேறு சிலவற்றில் 'இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்றிருக்கும். இச்சொற்களைக் கண்டு பேனா ஜெர்மனியில் செய்ததென்று முடிவு கட்டலாகாது. எங்கெங்கோ செய்த மலிவு முட்களிலும் இதனைக் காணலாம். எழுதுவது பொன்னுமன்று, நாட்டின் பெயருமன்று. முனையில் ஒட்டிய கடினமான உலோகப் பொட்டும், அதன் நடுவே பிளவு நேராக ஓடுதலும், கட்டை ஒழுங்காக மை விடுதலுமே எழுதுகின்றன. இம்மூன்றும் 10 வெள்ளியில் அமைதல் கூடும். 500 வெள்ளியில் அமையாது போதலும் கூடும்.

இனிப் பேனாக்களுக்கு வருவோம். என் கைக்கு வந்து, மாதக்கணக்கில் எழுதிப் பார்த்தவற்றையே சொல்லுகின்றேன்.

ஹீரோ 616இன் முள் உறைக்குள் ஒளிந்திருக்கும். நுனி மட்டுமே தெரியும். பார்க்கர் 51ஐச் செய்தோர், விரைந்து உலரும் மைக்கென இவ்வுறையை அமைத்தனர். தாளில் விரைந்து உலரும் மை முள்ளிலும் விரைந்து உலருமன்றோ? அதனைத் தடுக்க முள்ளை மூடினர். நம் வெயிலில், மின்விசிறிக்கு அடியில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே நின்று யோசிக்கும் கிராணிக்கு இவ்வுறை பெருந்துணை. மூடியைத் திருக வேண்டியதில்லை, இழுத்தால் வரும். மை நிரப்புதலும் எளிது: உள்ளே ஒரு பை, முனையை மையில் ஆழ்த்தி நான்கைந்து முறை அமுக்கி விட்டால் நிறையும். தனியாக ஓர் உறுப்பும் வாங்க வேண்டா. மெலிந்த உடல், மெல்லிய கோடு, ஏறக்குறைய 12 வெள்ளி. பெரட்டுக் குறிப்பும் மழைக் கணக்கும் யான் எழுதுவது இதனால்தான். ஆனால் எங்கள் பாட்டிமார்க்கு இது பொருந்தவில்லை. முள் மறைந்திருப்பதால் எந்தப் பக்கம் மேல் என்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சற்றே திரும்பிப் பிடித்தாலும் பிளவு தாளைத் தொடாது, கோடு விழாது. பழகியவன் விரல் தானே திருத்திக்கொள்ளும். புதிதாகப் பிடிப்பவர் தம் கையே பழுது என்று எண்ணி மனம் தளர்வர்.

விங் சங் 601 அதே உறைமுள் இனம். மை நிரப்பும் முறை வேறு. பின்புறக் குமிழைப் பலமுறை அமுக்க, மை உடல் முழுவதும் ஏறும். 3008 என்பது ஒளி ஊடுருவும் உடலுடையது. பின்புறத்தைத் திருக, உள்ளே உருளை மேலேறி மையை இழுக்கும். தனிக் குழாய் செருகும் பேனாவைக் காட்டிலும் இருமடங்குக்குக் குறையாத மை இவற்றில் அடங்கும். நாள் முழுதும் எழுதுவோன் வாரம் ஒருமுறை நிரப்பினால் போதும். மை எவ்வளவு உண்டு என்பதும் கண்ணுக்குத் தெரியும். 20 வெள்ளி, 35 வெள்ளி என்று கொடுத்தேன். நகரத்தில் இருந்து நிறைய எழுதும் மாணவர்க்கும் பத்திரிகைக்கு எழுதுவோர்க்கும் 3008ஐத் தயங்காமல் சொல்வேன். பெயர் ஒன்றையே எழுதப் பழகுவோர்க்கு அத்துணை மை எற்றுக்கு?

ஜின்ஹாவ் 599இல் விரல் பிடிக்கும் இடம் முக்கோணமாக இருக்கும். மூன்று விரலும் மூன்று முகத்தில் அமர்ந்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல ஆசான்; பிடியைத் தானே திருத்தும். எங்கள் இளைஞர் அனைவரும் இதனையே வாங்க வேண்டுமென்றனர். யானும் இதுவே தக்கதென்றிருந்தேன். ஆயின் மடியாத விரல் முக்கோணத்தில் எங்ஙனம் அமரும்? ஒரு பெரியவரின் சுட்டுவிரல் கணுவில் நீட்டியபடியே நிற்பது. முக்கோணம் அவரை விலக்கித் தள்ளிற்று. வளைந்த கைக்கு உருண்ட பிடியே வேண்டும்.

உருண்ட பிடியுடையது ஜின்ஹாவ் 992. பருத்த உடல், எடையோ மிகக் குறைவு. முள் வெளியே தெரிவதால் பளபளப்பான முகம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னால் போதும். மூடி திருகுமூடி, எண்ணெய்ப் புட்டி திறந்த கைகளுக்கு அது புதிதன்று. மெல்லிய முள், அதனினும் மெல்லிய முள் என இருவகை உண்டு. விலை 10 வெள்ளி. குறைந்த கூலிச் சட்டம் 2025 பெப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட் என்று வைத்துள்ளது. வாரம் ஆறு நாள் வேலை செய்வோர்க்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. எனவே இப்பேனா ஒன்றரை மணி நேரக் கூலிக்கும் குறைவு. நகரத்துப் பெருங்கடையில் ஒரு குவளைக் காப்பிக்கு அதனினும் மிகுதியாகக் கொடுக்கின்றனர்.

இவ்வெல்லாவற்றுக்கும் எதிர்முனையில் நிற்பது ஜின்ஹாவ் எக்ஸ் 750. பித்தளை உடல், கையில் எடுத்தால் சிறு சாவிக்கொத்துப் போல் கனக்கும். நெடுநேரம் எழுதினால் மணிக்கட்டு சோரும் என்று அதனை ஒதுக்கி வைத்திருந்தேன். வகுப்பில் ஒரு மூதாட்டிக்குக் கை நடுங்கும். இலேசான பேனாவைக் கொடுத்தால் கோடு நீரலை போல ஓடும். அவர் மேசைமேல் கிடந்த என் பித்தளைப் பேனாவைத் தாமே எடுத்து எழுதிப் பார்த்தார். நடுக்கம் நின்றுவிடவில்லை, ஆனால் கோடு அமைதியாயிற்று. நடுங்கும் கைக்குக் கனமான கரண்டியும் கனமான பேனாவும் கொடுப்பது மருத்துவ நிலையங்களில் கைப்பயிற்சி தருவோர் கையாளும் முறைகளுள் ஒன்று என்று பின்னர் அறிந்தேன். எடை கூடினால் சிறு அதிர்வு அடங்கும். எல்லார்க்கும் அல்ல, சிலர்க்கு. அம்மூதாட்டிக்கு அதை அறிய நூல் வேண்டியதாயில்லை. எனக்குச் சுமையானது அவர்க்குத் துணையாயிற்று. ஆகவே, "எது சிறந்த பேனா?" என்று கேட்போர்க்கு, "யாருடைய கைக்கு?" என்று திருப்பிக் கேட்காமல் இனி விடை சொல்வதாயில்லை.

மலிவுப் பேனா வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. விலையைக் குறைப்பதற்காகத் தொழிற்சாலை விட்டுவிடும் வேலை, ஒவ்வொரு முள்ளையும் ஒருவர் எழுதிப் பார்த்து அனுப்புதல். அந்த வேலை வாங்குவோன் தலையில் விழும். பத்துப் பேனா வாங்கினால் எட்டு நன்றாக எழுதும், ஒன்று கீறும், ஒன்று வறளும் என்று எண்ணிக்கொள்வது நன்று. பெயர் சொல்ல வேண்டாத ஒன்று என் சட்டைப் பையில் மை கக்கி, ஒரு வெள்ளைச் சட்டையைப் பெரட்டுத் துடைக்கும் துணியாக்கிற்று. வந்தவுடன் செய்யத் தக்கவை எளியன. முதலில் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு துளி விட்டுப் பேனாவை உள்ளும் புறமும் கழுவுக. தொழிற்சாலை எண்ணெய் உள்ளே தங்கியிருந்தால் மை ஓடாது. பின்னர் உருப்பெருக்குக் கண்ணாடியால் முனையைப் பார்க்க. பிளவின் இருபுறமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று தாழ்ந்திருந்தால் அதுவே கீறும்; நகத்தால் மெல்ல அமுக்கி மட்டப்படுத்தலாம். மெல்ல என்பதை அடிக்கோடிட்டுக் கொள்க.

மை பற்றியும் ஒரு சொல். சாதாரண நீல மை சாய மை. அழகாக ஓடும், நீர் பட்டால் அழியும். வெட்டுக் கணக்கை மழையில் எழுதும் மண்டோர்க்கு அது கூடாது. கரி கலந்த மை நீருக்கு அஞ்சாது. ஆனால் பேனாவை நாட்கணக்கில் திறவாமல் வைத்தால் நுண்வழிகளில் உறைந்து அடைத்துக்கொள்ளும். நாள்தோறும் எழுதுவோர் மட்டும் அதனைத் தொடுக. தூரிகைக்கென்று விற்கும் சீனக் கறுப்பு மையை ஊற்றுப்பேனாவில் ஊற்றலாகாது; அதில் சேரும் பிசின் பேனாவை ஒரே இரவில் பாழாக்கிவிடும். வகுப்புக்கு நீலச் சாய மையே போதும் என்று முடிவு செய்தோம். துணியில் பட்டாலும் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும் என்பதைப் பெண்டிர் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டனர்.

கணக்கு இது: ஜின்ஹாவ் 992 ஆறு, 60 வெள்ளி. எக்ஸ் 750 ஒன்று, 18 வெள்ளி. நீல மை இரண்டு புட்டி, 24 வெள்ளி. மை பரவாத தடித்த தாள் பயிற்சிப் புத்தகம் பத்து, 40 வெள்ளி. ஆறனுள் ஒன்று மை விடாமல் வறண்டது. கழுவிச் சரி செய்தோம்.

பேனா மாறியதும் எல்லாம் மாறிற்று என்று எழுதினால் நேயர்கள் நம்பலாகாது. இருவர் இன்னும் கத்தியைப் பிடிப்பது போலவே பிடிக்கின்றனர். ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார். அவர்க்குப் பேனா காரணமன்று, கண் காரணம். ஆனால் அரைப் பக்கத்தில் நின்றவர்கள் ஒரு பக்கம் எழுதுகின்றனர். கை வலிக்கின்றது என்னும் சொல் குறைந்தது. பேத்தியின் பாட்டி பெயரில் மூன்று சுழி ணகரம் ஒன்று உண்டு. அது பல வாரம் இரண்டு சுழியோடும் நான்கு சுழியோடும் வந்து, ஒருநாள் மூன்றோடு நின்றது. சென்ற பருவத்து மதிப்பெண் புத்தகத்தில் அவர் கையெழுத்திட்டார். கட்டம் சிறியது, பெயர் வெளியே வழிந்து ஆசிரியர் குறிப்பு எழுதும் இடம் வரை சென்றுவிட்டது. பேத்தி அதனை மறைக்கவில்லை. எழுத்துக் கோணல் என்று பாட்டியிடம் குறை சொன்னாளாம். "எழுதத் தெரிந்தால்தானே தம்பி கோணல் என்று சொல்ல முடியும்" என்று பாட்டி என்னிடம் சண்டைக்காரி போலச் சொன்னார்.

கையிருப்பு 8 வெள்ளி. வேலையினின்று ஓய்ந்த மண்டோர் ஒருவர் நேற்று மாலை கொட்டகை வாயிலில் நின்று, "எனக்கு மலாய் எழுத்து வரும், தமிழ் வராது. ஒரு பேனா எனக்கும் எழுதிக்கொள்ளுங்கள் கிராணி" என்றார். பேனா 10 வெள்ளி. மீதி 2 வெள்ளியை அவரே தருவதாகச் சொல்லியிருக்கின்றார்.